கம்போடியா 1979: வியட்நாம் உள்ளே நுழைந்தது தவறா? (விவாத இழை)

செங்காட்டான் (விருதுநகர்)

ஒரு நாட்டில் மக்களைக் கொன்று குவிக்கும்போது இன்னொரு நாடு உள்ளே போகலாமா என்று பொதுப்படையாகக் கேட்டால் ஆளுக்கொரு கொள்கை பேசிவிட்டுக் கலைந்துவிடுவோம். அதனால் ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொள்கிறேன்.

1975 ஏப்ரல் 17 அன்று போல் பாட் தலைமையிலான கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை தலைநகர் நோம் பென்னுக்குள் வந்தது. சில நாட்களில் நகரம் காலி. ஆஸ்பத்திரியில் கிடந்த நோயாளிகளைக்கூட விடவில்லை, கட்டிலோடு தெருவில் தள்ளிக்கொண்டு போனார்கள் உறவினர்கள். அடுத்த மூன்று வருடம் எட்டு மாதத்தில், 80 லட்சம் பேர் அளவில் வாழ்ந்த நாட்டில் 15 லட்சத்திலிருந்து 20 லட்சம் பேர் வரை செத்தார்கள். பட்டினி, மலேரியா, ஓய்வே இல்லாத வயல்வேலை, மிச்சம் நேரடிக் கொலை. நோம் பென்னில் ஓர் உயர்நிலைப் பள்ளியைச் சிறையாக்கினார்கள். எஸ்-21, இன்று தூல் ஸ்லெங் அருங்காட்சியகம். 14,000 பேருக்கு மேல் உள்ளே போனார்கள். உயிரோடு வெளியே வந்தவர்கள் மிகச் சொற்பம்.

இதை நிறுத்தியது ஐ.நா. இல்லை, அமெரிக்கா இல்லை. 1978 டிசம்பர் 25 அன்று வியட்நாம் படை பெருமளவில் எல்லை தாண்டியது. 1979 ஜனவரி 7 அன்று நோம் பென் விழுந்தது. போல் பாட் தாய்லாந்து எல்லைக் காட்டுக்கு ஓடினார்.

இதற்கு வியட்நாமுக்குக் கிடைத்தது என்ன? பிப்ரவரி 17 அன்று "பாடம் புகட்டுகிறோம்" என்று சீனா வடக்கில் இருந்து படையெடுத்தது. அமெரிக்காவின் வர்த்தகத் தடை 1994 வரை நீடித்தது. ஐ.நா. பொதுச்சபை 1979 செப்டம்பரில் கூடி, கம்போடியாவின் இருக்கை போல் பாட் ஆட்சிக்கே உரியது என்று முடிவு செய்தது. ஆதரவு 71, எதிர்ப்பு 35, நடுநிலை 34. கொலைகாரனைத் துரத்தியவன் குற்றவாளி, கொலைகாரன் உறுப்பினர்.

என் நிலை இதுதான்: வியட்நாம் உள்ளே போனது சரி. அதைத் தவறு என்று சொல்லும் விதி எதுவோ, அந்த விதிதான் மாற வேண்டும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

கரிசல்_சுப்பு

அண்ணே, வியட்நாம் கம்போடியா மக்களுக்காகப் போனதாக வியட்நாமே சொல்லவில்லை. கெமர் ரூஜ் ஆட்கள் எல்லை தாண்டி வந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். 1978 ஏப்ரலில் பா சுக் என்ற ஊரில் மட்டும் 3,000 பேருக்கு மேல் கொன்றார்கள். அதனால்தான் போனார்கள். பாதுகாப்பு கவுன்சிலிலும் அவர்கள் சொன்னது, எல்லைப் போர் ஒன்று, கம்போடியர்களே நடத்திய எழுச்சி இன்னொன்று என்றுதான். மனித உரிமை என்ற பேச்சையே எடுக்கவில்லை.

தன் நலனுக்காகப் போன ஒரு படைக்கு நாம் பின்னால் நின்று புனிதப் பட்டம் கட்டினால், 2003இல் ஈராக்குக்குள் போனவனும் அதே பட்டத்தைக் கேட்பான். கேட்டான். பேரழிவு ஆயுதம் கிடைக்கவில்லை என்றதும் சதாமின் கொடுமைகளைத்தானே காரணமாகக் காட்டினார்கள்?

செங்காட்டான்

சுப்பு, நோக்கம் சுத்தமாக இருந்தால்தான் ஒத்துக்கொள்வேன் என்றால் ஒரு தலையீட்டையும் ஒத்துக்கொள்ள முடியாது. 1971இல் இந்தியா கிழக்கு வங்காளத்துக்குள் போனபோது நோக்கம் சுத்தமா? ஒரு கோடி அகதிகள் வந்து நின்றார்கள், பாகிஸ்தானைப் பிளக்க வாய்ப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்ததுதான். அதே 1979இல் தான்சானியா உகாண்டாவுக்குள் போய் இடி அமீனைத் துரத்தியதும், அமீன் முதலில் தான்சானியாவின் ககேராப் பகுதியைப் பிடித்துக்கொண்டதால்தான்.

எஸ்-21இல் சங்கிலியில் கிடந்தவனுக்குப் பூட்டைத் திறந்தவன் மனசுக்குள் என்ன நினைத்தான் என்பது முக்கியமில்லை. ஈராக்கில் 2003இல் அப்படி நடந்துகொண்டிருந்த, நிறுத்தியாக வேண்டிய படுகொலை எது? 1988இல் குர்துகள் மேல் விஷவாயு போட்டபோது யாரும் போகவில்லை. வேறுபாடு நோக்கத்தில் இல்லை. அந்த நேரத்தில் கொலை நடந்துகொண்டிருந்ததா என்பதில் இருக்கிறது.

தெம்பனிஸ் குமரன் (சிங்கப்பூர்)

செங்காட்டான் ஐயா, அந்த 71 வாக்குகளைத் திரட்டியதில் முன்னணியில் நின்றது எங்கள் நாடு. அதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. அப்போது வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம், யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். 1980இலிருந்து 1988 வரை அந்தப் பொறுப்பில் இருந்து அதே வேலையைத் தொடர்ந்தவர் எஸ். தனபாலன். இருவரும் தமிழர்கள். போல் பாட் எப்படிப்பட்டவர் என்று தெரியாமல் அவர்கள் பேசவில்லை.

சிங்கப்பூரில் உட்கார்ந்து வரைபடத்தைப் பாருங்கள். பக்கத்தில் பெரிய பெரிய நாடுகள். எங்களைப் போன்ற ஒரு நாட்டுக்குக் கிடைத்த ஒரே கவசம், ஒருவன் எல்லையை இன்னொருவன் படையோடு தாண்டக்கூடாது என்ற ஐ.நா. சாசனத்தின் வரி. "அந்த அரசு மோசமானது, அதனால் போனோம், புது அரசை வைத்தோம்" என்று ஒருமுறை ஒத்துக்கொண்டால், மோசம் என்று முடிவு செய்யும் அதிகாரம் பெரிய படை வைத்திருப்பவன் கைக்குப் போய்விடும். 1983இல் அமெரிக்கா கிரனடாவுக்குள் போனபோது அமெரிக்கா எங்கள் நண்பன். ஆனாலும் அதைக் கண்டித்த பொதுச்சபைத் தீர்மானத்துக்கு ஆதரவாகத்தான் சிங்கப்பூர் வாக்களித்தது. விதி என்றால் நண்பனுக்கும் விதிதான்.

இன்னொன்று. வியட்நாம் போல் பாட்டைத் துரத்திவிட்டு ஆறு மாதத்தில் திரும்பியிருந்தால் எங்கள் வட்டாரத்தில் பேச்சே வேறு மாதிரி இருந்திருக்கும். 1989 செப்டம்பர் வரை இருந்தது. பத்து வருடம், உச்சத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட துருப்புகள். 1971இல் இந்தியா மூன்று மாதத்தில் வங்கதேசத்தை விட்டு வெளியே வந்துவிட்டது, 1972 மார்ச்சில். அந்த இரண்டையும் ஒரே வரியில் எழுதாதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

செங்காட்டான்

குமரன், உங்கள் நாட்டுப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் 1975 டிசம்பரில் இந்தோனேசியா கிழக்குத் திமோருக்குள் போனபோது தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் இப்படி உலகம் சுற்றிப் பிரசாரம் செய்ததா? அங்கே படை போனது யாரையும் காப்பாற்ற இல்லை. அங்கேயும் மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள்.

அப்புறம், வியட்நாம் ஆறு மாதத்தில் வெளியேறியிருந்தால் என்ன நடந்திருக்கும்? தாய்லாந்து எல்லை முகாம்களில் சோறும் மருந்தும் தின்று, சீன ஆயுதம் வாங்கி, கெமர் ரூஜ் மறுபடி நோம் பென்னுக்கு வந்திருக்கும். படை திரும்ப முடியாதபடி செய்தது யார் என்று பார்க்காமல், ஏன் திரும்பவில்லை என்று மட்டும் கேட்பது நியாயமில்லை.

மலர்விழி (வழக்கறிஞர், சென்னை)

சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பேச்சு அந்தரத்தில் நிற்கிறது.

சாசனம் 2(4): எந்த நாட்டின் மீதும் படைபலம் கூடாது. விலக்கு இரண்டுதான். தற்காப்பு, 51ஆம் பிரிவு. பாதுகாப்பு கவுன்சிலின் அனுமதி, ஏழாம் அத்தியாயம். இன அழிப்பைத் தடுக்க ஒரு நாடு தானாகப் போகலாம் என்ற மூன்றாவது விலக்கு எழுத்தில் இல்லை. 1971, 1979 இரண்டிலும் போன நாடுகள் தற்காப்பைப் பேசியதற்கு அதுதான் காரணம். சுப்பு சொல்வதுபோல அதைச் சுயநல ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வேறு எந்தக் காரணம் சொன்னாலும் சட்டத்தில் நிற்காது என்பதால் சொன்னார்கள்.

1999இல் கொசோவோவின் அல்பேனியர்களைக் காப்பதாகச் சொல்லி நேட்டோ 78 நாள் செர்பியா மேல் குண்டு போட்டது, கவுன்சில் அனுமதி இல்லாமல். அதை ஆராய்ந்த ஒரு சுயேச்சை ஆணையம் சட்டவிரோதம், ஆனாலும் நியாயமானது என்றது. இந்த இரட்டைப் பதில் யாருக்கும் திருப்தி தரவில்லை. 2001இல் காரெத் எவன்ஸ், முகமது சஹ்னூன் தலைமையிலான ஆணையம் 'பாதுகாக்கும் பொறுப்பு' என்ற கோட்பாட்டை வைத்தது: ஓர் அரசு தன் மக்களைக் காக்கத் தவறினால் அந்தப் பொறுப்பு உலக நாடுகளுக்கு வரும். 2005 உலக உச்சிமாநாட்டில் எல்லா நாடுகளும் ஏற்றன, 138, 139ஆம் பத்திகள். இன அழிப்பு, போர்க்குற்றம், இனச் சுத்திகரிப்பு, மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று நான்கே நான்கு குற்றங்களுக்குத்தான் அது பொருந்தும். தேர்தல் முறைகேடு, கருத்துச் சுதந்திரம் எல்லாம் இதில் வராது.

ஆனால் படை அனுப்பும் முடிவு பழையபடி பாதுகாப்பு கவுன்சிலிடமே. அதன் ஐந்து நிரந்தர உறுப்பினர்களுக்கு வீட்டோ, அதாவது எந்த முடிவையும் ஒற்றை ஆளாகத் தடுக்கும் உரிமை. செங்காட்டான் அண்ணா மாற வேண்டும் என்று கேட்ட விதி கொள்கை அளவில் மாறிவிட்டது. சாவி மட்டும் கைமாறவில்லை.

ரஹ்மத் (கீழக்கரை)

மலர்விழி சொன்ன அந்தக் கோட்பாட்டை வைத்துத்தான் 2011இல் லிபியாவுக்குள் போனார்கள். எங்கள் பக்கத்தில் லிபியாவுக்கு வேலைக்குப் போனவர்கள் உண்டு. அந்த வருடம் இந்திய அரசு கப்பலும் விமானமும் அனுப்பி 15,000 பேருக்கு மேல் அழைத்து வந்தது.

மார்ச் 17, தீர்மானம் 1973. பத்து நாடுகள் ஆதரவு. இந்தியா, பிரேசில், ஜெர்மனி, ரஷ்யா, சீனா நடுநிலை. தீர்மானத்தில் இருந்தது கடாபியின் படையிடமிருந்து பெங்காசி நகர மக்களைக் காப்பாற்றுவது. முடிந்தது அக்டோபர் 20 அன்று கடாபியைச் சாக்கடைக் குழாயிலிருந்து இழுத்துக் கொன்றதில். நடுவில் எப்போது காப்பாற்றல் முடிந்து ஆட்சி மாற்றம் தொடங்கியது? யாரும் சொல்லவில்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை.

பிறகு நடந்ததைப் பாருங்கள். தவர்கா என்று ஓர் ஊர், பெரும்பாலும் கருப்பு லிபியர்கள். மிஸ்ராட்டா ஆயுதக் குழுக்கள் ஊரையே காலி செய்தன. மக்களைப் பாதுகாக்க வந்த விமானங்கள் அந்த மக்களுக்காகப் பறக்கவில்லை. கடாபியின் ஆயுதக் கிடங்குகள் திறந்து கிடந்தன, அது மாலி வரைக்கும் போய் 2012இல் அந்த நாட்டையும் உடைத்தது. 2014இலிருந்து இரண்டு அரசாங்கம், இரண்டு படை. 2017இல் ஆப்பிரிக்க அகதிகளை ஏலம் விடும் காணொளி வந்தது. பிரிட்டன் நாடாளுமன்றத்தின் வெளியுறவுக் குழுவே 2016இல், பொதுமக்களுக்கு இருந்த ஆபத்து மிகைப்படுத்தப்பட்டது என்று அறிக்கை கொடுத்தது.

செங்காட்டான் பாய், கம்போடியாவில் கொலை நடந்துகொண்டிருந்தது, சரி. பெங்காசியில் நடக்கப்போகிறது என்றார்கள். நடக்கப்போவதை வைத்துப் போர் தொடுக்கலாம் என்றால் எல்லை எங்கே?

ஜெயந்தி டீச்சர் (தஞ்சாவூர்)

நடக்கப்போகிறது என்று தெரிந்தும் போகாமல் இருந்ததன் விலையையும் சொல்ல வேண்டும், ரஹ்மத் தம்பி.

1994 ஜனவரி 11. ருவாண்டாவில் ஐ.நா. படைத்தளபதியாக இருந்த கனடாக்காரர் ரொமேயோ தலேர் நியூயார்க்குக்குத் தந்தி அனுப்புகிறார். ஆயுதம் பதுக்குகிறார்கள், துட்சி இனத்தவரின் பெயர்ப்பட்டியல் தயாரிக்கிறார்கள், கிடங்கைச் சோதனை போடப்போகிறேன் என்கிறார். வேண்டாம் என்று பதில் வருகிறது. ஏப்ரல் 6 இரவு ஜனாதிபதியின் விமானம் சுட்டு வீழ்த்தப்படுகிறது. மறுநாள் பத்து பெல்ஜியச் சிப்பாய்கள் கொல்லப்படுகிறார்கள், பெல்ஜியம் தன் படையைத் திரும்பக் கூட்டிக்கொள்கிறது. கிகாலியில் ஒரு தொழிற்பள்ளியில் அந்தச் சிப்பாய்களை நம்பி ஏறத்தாழ 2,000 பேர் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். ஏப்ரல் 11 அன்று வண்டிகள் கிளம்பின. வெளியே அரிவாளோடு காத்திருந்தவர்கள் உள்ளே வந்தார்கள்.

ஏப்ரல் 21 அன்று பாதுகாப்பு கவுன்சில் என்ன செய்தது தெரியுமா? படையை 270 பேராகக் குறைத்தது. 2,500 பேர் இருந்த இடத்தில். கொலைகள் உச்சத்தில் இருந்தபோது. கொலை செய்துகொண்டிருந்த அரசின் பிரதிநிதி அந்த வருடம் அதே கவுன்சிலில் உறுப்பினராக உட்கார்ந்திருந்தார். நூறு நாளில் எட்டு லட்சம் பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

அங்கே யாரும் வீட்டோ போடவில்லை. வக்கீல் அம்மா சொன்ன சாவி பூட்டில் ஏறவே இல்லை, ஏனென்றால் யாருக்கும் கதவைத் திறக்க மனமில்லை. சோமாலியாவில் 1993 அக்டோபரில் 18 அமெரிக்கச் சிப்பாய்கள் செத்திருந்தார்கள். அவ்வளவுதான் காரணம். லிபியாவைச் சொல்லி இனிமேல் யாரும் எங்கும் போகக்கூடாது என்றால், அடுத்த ருவாண்டாவில் நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

கரிசல்_சுப்பு

டீச்சர், ருவாண்டாவைக் கடைசியில் நிறுத்தியது வெளிநாட்டுப் படை இல்லை. ககாமேயின் ருவாண்டா தேசபக்த முன்னணி என்ற கிளர்ச்சிப் படை. நாட்டு மக்களே. அதே ககாமேயின் படை 1996இல் அகதி முகாம்களைத் துரத்திக்கொண்டு காங்கோவுக்குள் போனது, அது எங்கே போய் முடிந்தது என்று பார்த்தோம். காப்பாற்றியவன் கையில் துப்பாக்கி இருந்தால் அது அடுத்த ஊருக்கும் போகும்.

ஜெயந்தி டீச்சர்

போகும்தான். ஏப்ரலில் 5,000 பயிற்சி பெற்ற சிப்பாய்கள் கிடைத்திருந்தால் பெரும்பகுதியைத் தடுத்திருக்கலாம் என்று தலேர் சொன்னார். தடுத்திருந்தால் காங்கோவுக்கு ஓட அத்தனை அகதியும் இருந்திருக்க மாட்டார்கள், துரத்திப் போக ஆளும் இருந்திருக்காது. ஒருவரும் போகாததால் வந்த வினையைப் போனால் வரும் வினை என்று எழுதுகிறீர்கள் தம்பி.

வடமராட்சியான் (டொராண்டோ)

இவ்வளவு நேரமும் வாசிச்சுக்கொண்டிருந்தனான். ரெண்டு பக்கத்தையும் கண்ட இடம் எங்கட இடம் எண்டதால எழுதுறன்.

1987இல இந்தியப் படை வந்தது. வரேக்க சனம் மாலை போட்டு வரவேற்றது உண்மை. ஒக்டோபரில சண்டை துவங்கினது. ஒக்டோபர் 21இல யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ள நோயாளிகளும் டொக்டர்மாரும் தாதிமாருமா அறுபது பேருக்கு மேல கொல்லப்பட்டவை. 1990 மார்ச்சில படை திரும்பிப் போகேக்க இந்தியாவும் 1,200 சிப்பாய்களைப் பறிகொடுத்திருந்தது. ஆருக்கும் ஒண்டும் கிடைக்கேல்லை.

2009இல ஒருத்தரும் வரேல்லை. அதுக்கு முன்னம், 2008 செப்டம்பரில, ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டுப் போனவை. போகாதேங்கோ எண்டு சனம் அலுவலக வாசலில நிண்டு மன்றாடினது. போர் முடிஞ்சு ஒண்டரைக் கிழமையில, மே 27, மனித உரிமைகள் பேரவை இலங்கை அரசைப் பாராட்டிற மாதிரி ஒரு தீர்மானம் போட்டது. 29 ஆதரவு, 12 எதிர்ப்பு. ஆதரிச்ச நாடுகளில இந்தியாவும் ஒண்டு. மூண்டு வருசம் கழிச்சு ஐ.நா. தன்ர உள்விசாரணையில தாங்கள் தவறிட்டம் எண்டு ஒத்துக்கொண்டது.

நான் சொல்ல வாறது இதுதான், அண்ணை. கிளிநொச்சி வாசலில நிண்ட சனம் படையைக் கேக்கேல்லை. நீங்கள் இஞ்ச இருந்தால் சும்மா அடிக்க மாட்டினம், இருங்கோ எண்டுதான் கேட்டது. படையோ, ஒண்டுமே இல்லையோ எண்டு ரெண்டா மட்டும் பிரிச்சுக் கதைக்கிறது வெளியில இருக்கிறவைக்குத்தான். உள்ளுக்குக் கிடக்கிற சனத்துக்கு நடுவில நிறைய இருக்கு. ஒரு வெள்ளைக் கொடி கட்டின வாகனம், ஒரு கமெரா, குண்டு விழுந்த இடத்தை நேர நேரத்துக்கு எழுதி உலகத்துக்குச் சொல்ல ஓராள். அதையும் எடுத்துக்கொண்டு போனதுதான் பெரிய கொடுமை.

ஜெயந்தி டீச்சர்

இதற்கு ருவாண்டாவிலேயே சான்று இருக்கிறது, தம்பி. 270 பேராகக் குறை என்று உத்தரவு வந்த பிறகும் ஏறத்தாழ 450 பேர் நின்றார்கள். பெரும்பாலும் கானா நாட்டுச் சிப்பாய்கள். ஒழுங்கான வண்டி இல்லை, மருந்து இல்லை. ஆனாலும் கிகாலியின் அமஹோரோ விளையாட்டரங்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் அவர்கள் நின்றதால் பிழைத்தார்கள். ஓடிப்போன படை நின்றிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மலர்விழி (வழக்கறிஞர், சென்னை)

நடுவில் நிறைய இருக்கிறது என்று அவர் சொன்னதை நீட்டிக்கொண்டு போகிறேன்.

2019 நவம்பரில் காம்பியா, ரோஹிங்கியாக்களுக்கு எதிரான இன அழிப்பு என்று மியான்மர் மீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. மியான்மரிலிருந்து கண்டம் தாண்டி இருக்கும் ஒரு குட்டி நாடு, எந்த லாபமும் இல்லை. இன அழிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட எந்த நாடும் வழக்குப் போடலாம் என்பதால் போட்டது. 2020 ஜனவரியில் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. உடனே யாரும் காப்பாற்றப்படவில்லை என்பது உண்மை. ஆனால் ஒரு படைவீரனும் எல்லை தாண்டாமல் செய்யப்பட்ட தலையீடு அது.

அதே காம்பியாவுக்கே 2017இல் ஒரு தலையீடு நடந்தது. தேர்தலில் தோற்ற யாஹ்யா ஜாமே நாற்காலியை விடவில்லை. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு செனகல் படையை எல்லைக்குள் அனுப்பியது, கூடவே தலைவர்கள் போய்ப் பேசினார்கள். ஜனவரி 21 அன்று ஜாமே விமானம் ஏறினார். பெரிய சண்டையே இல்லை. அண்டை நாடுகள் சேர்ந்து, வெளியேறும் வழியையும் திறந்துவைத்து, குறுகிய வேலையோடு போனால் இப்படியும் முடியும். கிழக்குத் திமோரில் 1999இல் ஆஸ்திரேலியா தலைமையில் படை போனதும் கவுன்சில் அனுமதியோடு, இந்தோனேசியாவை நெருக்கிச் சம்மதம் வாங்கிய பிறகு. சிங்கப்பூரும் அதில் ஆள் அனுப்பியது, குமரன் சாருக்குத் தெரியும்.

ரஹ்மத் (கீழக்கரை)

காம்பியா நல்ல உதாரணம். ஆனால் எதிரே நின்றது ஜாமே. கடாபி இல்லை, போல் பாட் இல்லை. நீதிமன்றத்துக்குப் போல் பாட் பயப்பட்டிருப்பாரா?

செங்காட்டான்

பயப்பட்டிருக்க மாட்டார், ரஹ்மத் பாய். அதனால்தான் கம்போடியாவை எடுத்தேன். சாட்சி, வழக்கு, பேச்சு எதற்கும் இடம் கொடுக்காத ஓர் ஆட்சி. எல்லை மூடல், தபால் இல்லை, பத்திரிகையாளர் இல்லை. 1978 ஆகஸ்டில் அமெரிக்க செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்ன், சர்வதேசப் படை அனுப்ப வேண்டும் என்று பேசினார். வியட்நாம் போரைக் கடுமையாக எதிர்த்த அதே மெக்கவர்ன். அவர் கட்சிக்காரர்களே கேட்கவில்லை.

ஆனால் வியட்நாம் இருந்த பத்து வருடத்தை நான் மூடி மறைக்க மாட்டேன். எண்பதுகளின் நடுவில் தாய்லாந்து எல்லை நெடுக அரண் கட்டுகிறோம் என்று கே-5 திட்டம் போட்டார்கள். லட்சக்கணக்கான கம்போடியர்களைக் கட்டாயமாகக் காட்டுக்கு அனுப்பினார்கள். மலேரியாவிலும் கண்ணிவெடியிலும் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். போல் பாட்டிடமிருந்து தப்பியவன் கே-5இல் செத்தான் என்றால் அந்தக் குடும்பத்துக்கு நான் என்ன சொல்ல முடியும்? ஆட்சியில் உட்கார வைத்த ஹெங் சம்ரினும் ஹுன் சென்னும் முன்னாள் கெமர் ரூஜ் ஆட்கள். ஹுன் சென் 1985இல் பிரதமரானவர், 2023 வரை நாற்காலியை விடவில்லை. விட்டபோது மகனிடம் கொடுத்தார்.

உகாண்டாவும் அப்படியே. தான்சானியா அமீனைத் துரத்தியது, 1980 டிசம்பர் தேர்தலில், அமீனுக்கு முன்னால் ஆண்ட ஒபோத்தே திரும்ப வந்தார், லுவேரோ பகுதியில் மறுபடி படுகொலை. உள்ளே போனது சரி என்பதில் நான் அசையவில்லை. ஆனால் துரத்திய பிறகு யாரை உட்கார வைப்பது என்று படைதான் முடிவு செய்தால் அது கெடுகிறது. அந்த முடிவு வேறு கைக்குப் போக வேண்டும். 1979இல் ஐ.நா. அந்தக் கையாக இருந்திருக்கலாம். 1992, 1993இல் கம்போடியாவுக்கு வந்து தேர்தல் நடத்தியதே, அதைப் பதிமூன்று வருடம் முன்னால் செய்திருக்கலாம். செய்யாமல் இருக்கையைப் போல் பாட்டுக்குக் கொடுத்தது. குமரன், இதற்கு மட்டும் பதில் வேண்டும். வியட்நாமைக் கண்டிக்க வேண்டுமானால் கண்டித்துக்கொள்ளட்டும். இருக்கையை ஏன் காலியாக விடவில்லை?

தெம்பனிஸ் குமரன் (சிங்கப்பூர்)

நேரான கேள்வி ஐயா. காலியாக விட்டால் அது ஹெங் சம்ரின் உட்காருவதற்குப் பாதி வழி என்று அன்றைக்கு ஆசியான் கணக்குப் போட்டது. 1982இல் முன்னாள் மன்னர் சிஹானூக்கை முன்னே நிறுத்தி ஒரு கூட்டணி உண்டாக்கியதும், அந்த இருக்கைக்குக் கொஞ்சம் கண்ணியமான முகம் வேண்டும் என்பதற்காகத்தான். அந்தக் கூட்டணியிலும் கெமர் ரூஜ் இருந்தது.

காலியாக விட முடியும் என்பதற்குப் பிற்காலச் சான்று இருக்கிறது. 1997 ஜூலையில் ஹுன் சென் ஆயுதபலத்தால் ஆட்சிக் கூட்டாளியைத் துரத்தியபோது, அந்த வருடம் பொதுச்சபையில் கம்போடியாவின் இருக்கை காலியாகவே வைக்கப்பட்டது. ஆசியானும் 1999 வரை கம்போடியாவைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதே முறையை 1979இல் கையாண்டிருந்தால் எங்கள் விதியும் கெட்டிருக்காது, கொலைகாரனுக்குக் கொடியும் கிடைத்திருக்காது. எல்லை தாண்டக்கூடாது என்பதில் நான் இன்னும் உறுதியாக நிற்கிறேன். அதற்காகப் போல் பாட்டின் ஆள் நியூயார்க்கில் தூதராக உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் நாடு செய்த இன்னொரு முயற்சியையும் சொல்கிறேன். சிங்கப்பூர், சுவிட்சர்லாந்து, ஜோர்டான், கோஸ்டா ரிகா, லீக்டன்ஸ்டைன் என்று ஐந்து சின்ன நாடுகள் சேர்ந்து, இன அழிப்பு நடக்கும்போது வீட்டோவைப் பயன்படுத்தாதீர்கள் என்று ஒரு வரைவைக் கொண்டுபோயின. 2012 மேயில் வாக்கெடுப்புக்கு முன்பே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஐந்து வல்லரசுகளும் அவ்வளவு நெருக்கின.

கரிசல்_சுப்பு

வீட்டோவைப் பிடுங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. 1979 ஜனவரியில் வெளிநாட்டுப் படைகள் கம்போடியாவை விட்டு வெளியேற வேண்டும் என்று பாதுகாப்பு கவுன்சிலில் தீர்மானம் வந்தது. 13 பேர் ஆதரவு. சோவியத் வீட்டோதான் அதைத் தடுத்தது. அந்த வீட்டோ இல்லையென்றால் செங்காட்டான் அண்ணன் பாராட்டும் மீட்பு அந்த மாதமே உலகச் சட்டப்படி குற்றமாகி, கெமர் ரூஜுக்கு வழி திறந்திருக்கும்.

மலர்விழி (வழக்கறிஞர், சென்னை)

அந்த ஐந்து நாடுகள் கேட்டது எல்லா வீட்டோவையும் இல்லை, சுப்பு. இன அழிப்பைத் தடுக்கவோ நிறுத்தவோ கவுன்சில் எடுக்கும் நடவடிக்கைக்கு வீட்டோ போடாதே என்பதுதான். 1979 ஜனவரித் தீர்மானம் அந்த வகையில் சேராது. அது கொலையை நிறுத்த வந்தது இல்லை, நிறுத்தியவனை வெளியேற்ற வந்தது. வரைவு தோற்றாலும் அந்தக் கோரிக்கை சாகவில்லை. 2015இல் பிரான்சும் மெக்சிகோவும் இதையே வேறு வடிவில் முன்வைத்தன. 2022 ஏப்ரலில் லீக்டன்ஸ்டைன் முன்னெடுத்த தீர்மானம் பொதுச்சபையில் நிறைவேறியது. கவுன்சிலில் யார் வீட்டோ போட்டாலும் பத்து வேலை நாளுக்குள் பொதுச்சபை கூடி அதை விவாதிக்க வேண்டும், போட்டவர் அங்கே வந்து காரணம் சொல்ல அழைக்கப்படுவார். வடமராட்சியான் அண்ணா, இலங்கை 2009இல் கவுன்சிலின் முறையான நிகழ்ச்சிநிரலுக்கே வரவில்லை, அதனால் வீட்டோ போடும் கட்டமும் வரவில்லை. அந்த ஓட்டையை இந்தத் தீர்மானமும் அடைக்கவில்லை.

வடமராட்சியான் (டொராண்டோ)

அதை அடைக்கிறதுக்கு என்ன வழி எண்டு எழுதுங்கோ தங்கச்சி. எங்களுக்குத் தேவையானது அதுதான்.

மலர்விழி (வழக்கறிஞர், சென்னை)

சாசனத்தின் 99ஆம் பிரிவு. உலக அமைதிக்கும் பாதுகாப்புக்கும் ஆபத்து என்று தான் கருதும் எந்த விஷயத்தையும் கவுன்சிலின் கவனத்துக்குக் கொண்டுவர பொதுச்செயலாளருக்கே அதிகாரம் உண்டு, எந்த நாட்டின் அனுமதியும் தேவையில்லை. 2023 டிசம்பரில் காசாவுக்காக குட்டெரஸ் அதைப் பயன்படுத்தினார். 2009இல் யாரும் அதைக் கையில் எடுக்கவில்லை. எடுத்தால் மட்டும் போர் நின்றுவிடாது, காசாவிலும் இரண்டே நாளில் வீட்டோ விழுந்தது. ஆனால் கை தூக்கித் தடுத்தது யார் என்று பதிவில் ஏறும், 2022 விதிப்படி பொதுச்சபையில் பதில் சொல்ல அழைப்பும் வரும். அடுத்த பொதுச்செயலாளர் தேர்வில் வேட்பாளர்களிடம் பொதுச்சபை கேள்வி கேட்கும் வழக்கம் 2016இலிருந்து இருக்கிறது. குடிமை அமைப்புகளும் கேள்விகளை அனுப்பலாம். 99ஆம் பிரிவை எப்போது பயன்படுத்துவீர்கள் என்று ஒவ்வொரு வேட்பாளரிடமும் கேட்கச் செய்யலாம். நான் ஒரு வரைவு எழுதுகிறேன், திருத்தம் சொல்லுங்கள்.